மார்ச் 19-க்காகக் காத்திருந்த பல்

எங்கள் வீட்டுச் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடைக் காலண்டர் தொங்கும். கேஸ் வந்த தேதி, சீட்டுப் பணம் கட்டும் நாள், சுகர் டெஸ்ட் எடுக்க வேண்டிய நாள் எல்லாவற்றையும் அம்மா அதில்தான் குறித்து வைப்பார். 2025 ஜனவரியில், ஒரு கல்யாணம் என்ன கிழமையில் வருகிறது என்று பார்க்கத் தாள்களைப் புரட்டியபோது, மார்ச் 19-ஐச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம் இருந்தது. சீட்டு எடுக்கும் நாளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தாளை விட்டுவிட்டேன். அது என்ன தேதிம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் போனது இன்றுவரை ஆறவில்லை. பல்லுக்கு மலிவாக, நல்லதாக ஓர் இன்சூரன்ஸ் சொல்லேன் என்று யாராவது என்னிடம் வந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நீல வட்டம்தான்.

என்னிடம் வந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. கிண்டிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக அமெரிக்கர்களின் பல் இன்சூரன்ஸ் கிளைம் பார்க்கிறேன். இரவு ஷிஃப்ட். டெக்சாஸிலோ ஒஹையோவிலோ ஒருவர் பல் டாக்டரின் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, அவருடைய பிளானில் இந்த வருடம் எவ்வளவு பாக்கி, எந்த வைத்தியத்துக்கு எத்தனை சதவீதம், வெயிட்டிங் பீரியட் என்கிற காத்திருப்புக் காலம் முடிந்ததா என்றெல்லாம் இங்கிருந்து பார்த்துச் சொல்லிவிடுவோம். எலிஜிபிலிட்டி செக் என்போம். டி 3330 என்றால் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால். டி 2740 என்றால் பல்லுக்கு மேல் போடுகிற செராமிக் கேப். டி 7140 என்றால் பல்லை எடுத்துவிடுவது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சென்னையில் என்னைப் போல இந்த வேலையில் இருப்பவர்கள் ஏராளம். ஊருக்கெல்லாம் பல் கணக்குப் பார்த்த எனக்கு, ஒரே வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற அம்மா நாலு மாதமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தது தெரியவில்லை.

இப்போது யோசித்தால் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. சப்பாத்தியைக் குருமாவில் ஊற வைத்துத்தான் சாப்பிட்டார். முறுக்கு டப்பாவைத் தொடவில்லை. தீபாவளிக்குச் சுட்ட அதிரசம் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது என்று தன் பங்கை எடுத்து எனக்கே வைத்தார். பொங்கலன்று கரும்பைக் கத்தியால் சீவிச் சின்னத் துண்டுகளாக நறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு, அதையும் சப்பித் துப்பினார். கரும்பைப் பல்லால் உரித்து நார் நாராகக் கிழித்துச் சாப்பிடுகிற பெண்மணி அவர்; சின்ன வயதில் எனக்கும் அப்படியே உரித்துக் கொடுப்பார். ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவளுக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. அது என் குறைதான்.

பிப்ரவரி கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்குக் காரில் வந்து இறங்கினேன். கதவைத் திறந்த அம்மா முந்தானையால் வலது கன்னத்தை மூடிக்கொண்டிருந்தார். விலக்கிப் பார்த்தால் கன்னம் வீங்கித் தாடை வரைக்கும் கெட்டிப்பட்டிருந்தது. தொட்டால் சுட்டது. வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. "ஒண்ணுமில்ல, கொசு கடிச்சிருக்கும்" என்றார். வில்லிவாக்கத்தில் கொசுவுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் எந்தக் கொசுவும் தாடையை அப்படி வீங்கவைக்காது.

46, 30

பல் டாக்டர் காலை பத்து மணிக்குத்தான் வருவார். சிட்கோ நகர் பக்கம் சின்ன கிளினிக், ஒரே ஒரு நாற்காலி. டாக்டருக்கு என் வயது இருக்கும். அம்மாவைச் சாய்த்து, வாய் திறந்த மட்டுக்கும் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தவர், உதவிக்கு நின்ற பெண்ணிடம் "46, ஆர்விஜி எடு" என்றார். அம்மாவின் வாய்க்குள் சென்சரை வைத்து எக்ஸ்ரே எடுத்ததும், படம் பக்கத்திலிருந்த திரையில் வந்துவிட்டது.

46 என்பது கீழ் வலது முதல் கடைவாய்ப் பல். நம் ஊர் டாக்டர்கள் சொல்கிற எண் அது. அமெரிக்காவில் பற்களை ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை வரிசையாக எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் அதே பல் 30. நான் அதிகமாகப் பார்க்கிற எண்களில் அது ஒன்று. ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கிற பல். யாருடையது என்று பார்க்காமலே எத்தனையோ ஆயிரம் கிளைம்களில் அதைக் கடந்து போயிருக்கிறேன். அன்றைக்குத் திரையில் இருந்த 30 என் அம்மாவுடையது. அவருக்கு 61 வயது. ஐம்பத்தைந்து வருடம் அரைத்த பல்.

படத்தைப் படிக்க எனக்கு டாக்டர் தேவைப்படவில்லை. பல்லின் மேல்பாதியில் கருப்பாக ஒரு குழி. அது கீழே இறங்கி, இரண்டு வேரும் பிரிகிற கவட்டை வரைக்கும் போயிருந்தது. ஒரு வேரின் நுனியில், எலும்புக்குள், பட்டாணி அளவுக்குக் கருவட்டம். நான் வேலை பார்க்கிற கிளைம்களோடு இப்படி எக்ஸ்ரே இணைத்து அனுப்புவார்கள். இப்படி ஒரு படம் வந்தால் கூடவே டி 7140 தான் வரும்.

"எப்பலேர்ந்து வலிக்குதும்மா?" என்றார் டாக்டர்.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேலே எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு, "தீபாவளிக்கு முன்னாடியே" என்றார்.

"நாலு மாசமா? ஏம்மா வரல?"

"நடுவுல போயிடுச்சு டாக்டர். கிராம்புத் தைலம் வெச்சேன், உப்புத்தண்ணி கொப்பளிச்சேன். மார்கழியில சுத்தமா வலியே இல்ல."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "வலி போகலம்மா. உள்ள இருக்கற நரம்பு செத்துப்போச்சு. அதான் தெரியல. சொத்தை பாட்டுக்கு உள்ள போயிட்டே இருந்திருக்கு." அம்மாவுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பல்லின் மேல் ஓட்டில் நரம்பு கிடையாது. அதில் குழி விழுந்தால் தெரியாது. அடுத்த அடுக்குக்குப் போனால் கூச்சம். நரம்பைத் தொட்டால் ராத்திரித் தூக்கம் போகும். நரம்பு செத்தால் நிம்மதி, அதுவும் பொய் நிம்மதி. கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்கு இறங்கினால் இப்படி வீங்கும். சரி, முதலில் கூசியபோதே வந்திருக்கலாமே என்று மறுபடியும் கேட்டார்.

அம்மா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மார்ச் 19 வந்தா மூணு வருஷம் முடியுது டாக்டர். அப்புறம் பல்லுக்கு இன்சூரன்ஸ்ல அஞ்சாயிரம் குடுப்பாங்கன்னு இவதான் சொன்னா. நாலு மாசம் ஓட்டிட்டேன். இன்னும் மூணு வாரம்தான் இருக்குது."

ஒருவரும் பேசவில்லை. உதவிப் பெண் மட்டும் தட்டில் இருந்த கருவிகளை எடுத்து அடுக்கினாள். எனக்குக் கை சில்லிட்டுப் போனது. ஆமாம், நான்தான் சொன்னேன். 2022 மார்ச்சில் அம்மாவுக்கு அந்த மெடிக்கல் பாலிசியை எடுத்தபோது பெருமையாகச் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது, "பாரும்மா, மூணு வருஷம் ஆனா உன் பல்லுக்கும் தருவாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்பா போன பிறகு வீட்டில் என் ஒரு சம்பளம்தான். என் காசு ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது என்று நினைக்கிற அம்மா, அந்தத் தேதியை வட்டம் போட்டுக் காத்திருந்தார்.

அன்றைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, சுகர் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். வீக்கம் வடிந்து, சுகரும் ஒரு நிலைக்கு வந்து, ஆறாம் நாள் பல்லை எடுத்தார்கள். 1,500 ரூபாய். தீபாவளிக்கு முன்னால் வந்திருந்தால் 1,200 ரூபாயில் அடைத்து அனுப்பியிருப்பேன் என்றார் டாக்டர். கொஞ்சம் தாமதமாக வந்திருந்தாலும் ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து 11,000-க்குள் முடிந்திருக்கும், பல்லும் இருந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைப்பதென்றால் 35,000. பக்கத்துப் பற்களைச் சீவி பிரிட்ஜ் போடுவதென்றால் 15,000. அம்மா இரண்டுக்கும் தலையாட்டவில்லை. இடது பக்கம் இருக்கிறதே என்றார். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அந்த 5,000

அன்றிரவு ஆபீஸில் இடைவேளையின்போது பாலிசிப் பத்திரத்தைத் திறந்து படித்தேன். ஊரார் பிளான்களை வரிவரியாகப் படிக்கிற நான், என் அம்மாவுடையதை அதுவரை அப்படிப் படித்ததில்லை. அதில் பல் வைத்தியம் என்று ஒரு பத்தி இருந்தது. தொடர்ந்து மூன்று வருடம் புதுப்பித்தால், அந்த மூன்று வருடத் தொகுப்புக்கு ஒரு தடவை, 5,000 ரூபாய் வரை. அடுத்த வரியில், அவர்களுடைய பட்டியலில் இருக்கிற மருத்துவமனையில் செய்தால் மட்டும். பட்டியலைப் பார்த்தேன். சிட்கோ நகர் கிளினிக் அதில் இல்லை. அம்மா மார்ச் 19 வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தாலும் அந்த டாக்டரின் பில்லுக்கு ஒரு காசு வந்திருக்காது.

கம்பெனி பொய் சொன்னது என்று நான் சொல்லவில்லை. எழுதித்தான் இருந்தது. நான் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து அம்மாவிடம் வாக்குறுதி மாதிரி கொடுத்துவிட்டேன். ஆனால் பல்லைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் பல்லுக்கு மூன்று வருடக் காத்திருப்பு வைக்க மாட்டார்கள் என்றும் தோன்றுகிறது. முழங்கால் மாற்று அறுவைக்குக் காத்திருக்கச் சொன்னால் வலி கூடும்; பொறுத்துக்கொண்டால் பிறகு செய்துகொள்ளலாம். சொத்தை அப்படியில்லை. மாதத்துக்கு மாதம் வைத்தியமே மாறிவிடும். அடைக்க வேண்டியது ரூட் கெனால் ஆகும், ரூட் கெனால் செய்ய வேண்டியது பிடுங்க வேண்டியதாகும். காத்திருந்தால் கிடைக்கும் என்கிற பணமே பல்லுக்கு எமன்.

பல் தனியாக ஏன் இப்படிக் கிடக்கிறது என்றும் யோசித்தேன். நம் ஊர் மெடிக்கல் பாலிசிகள் படுக்கையில் சேர்ந்து பார்க்கிற வைத்தியத்தைச் சுற்றி அமைந்தவை. ரூட் கெனாலுக்கு யாரும் அட்மிட் ஆவதில்லை. நாற்காலியில் ஒரு மணி நேரம் சாய்ந்துவிட்டு நடந்து வீட்டுக்கு வருகிறோம். அதனால் பெரும்பாலும், விபத்தில் தாடை உடைந்து, மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் பல் உள்ளே வரும். 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், நோயாலோ காயத்தாலோ தேவைப்படுகிற பல் சிகிச்சை என்று ஒரு வரி உண்டு. அதைக் காட்டிப் பலர் சந்தோஷப்படுவதைப் பார்க்கிறேன். அதுவும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான்.

அமெரிக்கப் பல்

சரி, அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். அங்கேயும் குறை நிறைய. பெரும்பாலான பிளான்களில் வருடத்துக்கு 1,000 முதல் 2,000 டாலர் வரைக்கும்தான் கொடுப்பார்கள். ஒரு ரூட் கெனாலும் ஒரு கேப்பும் போட்டால் வருடக் கணக்கு அதோடு தீர்ந்துவிடும். கேப், பிரிட்ஜ் மாதிரிப் பெரிய வைத்தியத்துக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று அங்கேயும் வெயிட்டிங் பீரியட் உண்டு. மிஸ்ஸிங் டூத் கிளாஸ் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது: பிளான் தொடங்குவதற்கு முன்பே விழுந்த பல்லுக்கு மாற்றுப் பல் கட்டக் கொடுக்க மாட்டார்கள். அந்தக் காரணத்துக்காக மறுக்கப்பட்ட கிளைம்களை எத்தனையோ முறை டைப் செய்திருக்கிறேன். அவற்றுக்குப் பின்னால் ஒருவர் இருந்தார் என்று எனக்கு உறைத்ததே அம்மாவின் பல் போன பிறகுதான்.

ஆனால் அந்தப் பிளான்களில் ஒன்று இருக்கிறது. 100-80-50 என்று நாங்கள் சொல்கிற கணக்கு. செக்கப், எக்ஸ்ரே, கிளீனிங் இவற்றுக்கு நூறு சதவீதம். அடைப்பது மாதிரி வைத்தியத்துக்கு எண்பது. கேப், பிரிட்ஜுக்கு ஐம்பது. முதல் வகைக்குப் பெரும்பாலும் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் உட்கார்ந்தால் கைக்காசு போகாது. நாள் கடத்தினால்தான் போகும். சேர்ந்த புதிதில் டிரெய்னிங்கில் ஒரு கதை சொன்னார்கள். 1954-இல் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர்களின் சங்கம், தங்கள் பிள்ளைகளின் பல் வைத்தியத்துக்காகக் கேட்டு வாங்கிய ஏற்பாட்டிலிருந்துதான் இந்த பிளான்கள் வளர்ந்தன என்று. மூட்டை தூக்குகிறவர்கள் முதலில் பிள்ளைகளின் பல்லை நினைத்திருக்கிறார்கள். ராயபுரத்தில் வளர்ந்த, துறைமுகக் கூலியின் மகளான என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எங்கப்பாவுக்கு வேப்பங்குச்சிதான்" என்றார்.

அதனால் இப்போது எந்த பிளானைப் பார்த்தாலும் முதலில் ஒன்றை மட்டும் பார்க்கிறேன். இது என்னைச் சீக்கிரம் டாக்டரிடம் அனுப்புமா, காத்திருக்கச் சொல்லுமா? பிரீமியம் எவ்வளவு, உச்சவரம்பு எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்தான்.

சென்னையில் தேடியபோது

அம்மாவின் பல் போன வேகத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதம் விடாமல் தேடினேன். மருத்துவமனையில் சேராமல் பார்க்கிற வைத்தியத்துக்கு, ஓபிடி சேர்க்கை என்று தனியாகப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றார் ஓர் ஏஜென்ட். அம்மா வயதுக்கு வருடம் 6,500 கூடுதலாகக் கட்டினால் 7,500 வரை கிடைக்கும். அந்த 7,500-க்குள்ளேயே டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மருந்து, பல் எல்லாம் வந்துவிடும். பேப்பரில் எழுதிப் பார்த்தால், முழுத் தொகையையும் வாங்கினால்தான் ஆயிரம் ரூபாய் மிச்சம். பாதி வாங்கினால் நஷ்டம். எனக்குச் சரிப்படவில்லை. வேறு யாருக்காவது சரிப்படலாம்: மாதம் ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிறவர், ஒவ்வொரு பில்லையும் பத்திரமாக வைத்து அனுப்புகிற பொறுமை உள்ளவர்.

கிளினிக் குழுமங்கள் கொடுக்கிற மெம்பர்ஷிப் கார்டையும் பார்த்தேன். வருடம் 999 ரூபாய். செக்கப் இலவசம், வைத்தியத்தில் இருபது சதவீதம் தள்ளுபடி. இது இன்சூரன்ஸே கிடையாது, தள்ளுபடிச் சீட்டு. அதனால் தப்பென்று சொல்ல மாட்டேன். இலவச செக்கப் உங்களைப் போக வைக்கும் என்றால் அந்த 999 வீணில்லை. ஆனால் விலையைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். நான் கேட்ட இடத்தில் ஸிர்கோனியா கேப் 12,000, தள்ளுபடி போக 9,600. எங்கள் சிட்கோ நகர் டாக்டர் எந்தக் கார்டும் இல்லாமல் 7,500 சொன்னார்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவனும் பல் பிளான் தேடிக்கொண்டிருந்தான். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்கு ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. அவன் சம்பளத்தில் 0.75 சதவீதம் மாதாமாதம் பிடிக்கிறார்கள். சம்பளச் சீட்டைக் காட்டி, "இது என்ன பிடித்தம்டா?" என்று கேட்டால், தெரியாது என்றான். அயனாவரத்தில் அத்தனை பெரிய ஈஎஸ்ஐ மருத்துவமனை, வீட்டிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரம். அவனும் பெண்டாட்டி பிள்ளையும் அங்கே பல் காட்டலாம். ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறான், தெரியாமல். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களும் என்னைக் கேட்கிறார்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கிற நல்ல திட்டம், ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் பெரிய சிகிச்சைகளுக்கானது. சொத்தைப் பல்லை அடைக்க அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

அரசு பல் மருத்துவக் கல்லூரியை நான் மறந்தே போயிருந்தேன். 1953-இலிருந்து இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே. ஜூன் மாதம் அம்மாவின் ஈறைக் காட்ட அங்கே கூட்டிப்போனேன், சுகர் இருப்பவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சுகரும் கட்டுக்குள் நிற்காது என்று டாக்டர் எச்சரித்திருந்ததால். காலையிலேயே வரிசை. சீட்டு வாங்கி, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு அனுப்பி, மதியமாகிவிட்டது. படிக்கிற பிள்ளைகள்தான் பார்க்கிறார்கள், பின்னால் ஆசிரியர் நின்று கவனிக்கிறார். அம்மாவின் வாயைப் பார்த்த பெண் பிள்ளை, ஒவ்வொரு பல்லாகச் சொல்ல, இன்னொருத்தி எழுதிக்கொண்டாள். என் பதினோரு வருட வேலையில், ஒரு வாயை அவ்வளவு நிதானமாக யாரும் பார்த்து நான் கண்டதில்லை. நேரம் போகிறது, நாலைந்து தடவை அலைய வேண்டும். அதற்கு மேல் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. அலைய முடிகிறவர்கள் பணம் இல்லை என்று பல்லைக் கிடப்பில் போட வேண்டியதே இல்லை.

2022-இல் எடுத்த அம்மாவின் மெடிக்கல் பாலிசியை நான் விடவில்லை. அது நெஞ்சு வலிக்கும் இடுப்பெலும்புக்கும் எடுத்தது, அதற்கு அது வேண்டும். 24,000 பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 28,320 கட்டிக்கொண்டிருந்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த வரி இல்லை. பிரீமியம் அப்படியே இருந்தால் வருடம் 4,320 மிச்சம். அம்மா மாதிரி அறுபது தாண்டியவர்களுக்கு வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது, அதனால் ஏறினாலும் ஓரளவுக்குத்தான் ஏறும் என்று நம்புகிறேன். அந்த மிச்சத்தில் இரண்டு தடவை கிளீனிங்கும் ஓர் எக்ஸ்ரேவும் போக, ஒரு பல்லை அடைக்கவும் காசு இருக்கும்.

இன்னொன்றும் செய்தேன். 2024 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பாலிசியோடும் எளிய மொழியில் ஒரு வாடிக்கையாளர் தகவல் தாள் கொடுக்க வேண்டும், நாம் கேட்டால் நம் மொழியிலேயே தர வேண்டும் என்பது விதி. 2025-இல் புதுப்பித்ததும் தமிழில் கேட்டு வாங்கினேன். அதைச் சமையலறையில் உட்கார்ந்து அம்மாவுக்கு வாசித்தேன். எது உண்டு, எது இல்லை, எதற்குக் காத்திருக்க வேண்டும் எல்லாம். பல் வந்த இடத்தில் இரண்டு தடவை வாசித்தேன். அம்மா கேட்டுவிட்டு, "இத மொதல்லயே படிச்சிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. புதிதாக எடுக்கிறவர்களுக்குப் பத்திரம் கைக்கு வந்து முப்பது நாள் அவகாசம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த முப்பது நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, யாருக்காக எடுத்தீர்களோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தயவு செய்து காட்டுங்கள்.

பல்லுக்கென்று கடைசியில் நான் எந்த பிளானையும் வாங்கவில்லை. வில்லிவாக்கம் தபால் நிலையத்தில் அம்மா பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினேன். மாதம் 500 ரூபாய் போடுகிறேன். பாஸ்புக் அம்மாவிடம். பல், கண், காது எதுவாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் எடுக்கலாம், எனக்காக மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அம்மா பாஸ்புக்கைப் புடவை அடுக்குக்கு நடுவில் வைத்தார். முதல் ஆறு மாதம் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. எனக்குள் பழைய பயம் வந்தது. சாப்பிடும்போது எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், "என் வாயையே ஏன்டி பாக்கற?" என்று திட்டினார்.

சென்ற மாதம் ஒரு ராத்திரி, வேலைக்குப் போகிற கார் கத்திப்பாரா மேம்பாலம் ஏறுகிற நேரம். அம்மா போன். ராத்திரி எட்டரைக்கு அவர் கூப்பிடுகிற வழக்கமே இல்லை.

"சாயங்காலம் மோர் குடிச்சேன். இடது பக்கம் மேல ஒரு பல்லு கூசுது. இன்னிக்குத்தான் கூசுது, நேத்து இல்ல. நாளைக்கு டாக்டருகிட்ட போயிட்டு வரேன். நீ வந்து தூங்கு, நான் தனியாவே போயிடுவேன்."

மறுநாள் மதியம் எழுந்தபோது சமையலறையில் சத்தம் கேட்டது. பாஸ்புக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. 1,200 ரூபாய் எடுத்திருந்தார். வாயின் இடது பக்கம் இன்னும் மரத்திருந்ததால் வலது பக்கம், அந்தக் காலி இடத்தின் மேலேயே, மெதுவாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.